எனக்கும் இதே பிரச்சினை உண்டு

திண்டுக்கல் கஸ்பாரைத் தெரியாதவர்கள் திண்டுக்கல்லில்தான் அதிகம். சிங்கப்பூரில் தெரியும், துபாயில் தெரியும், கனடாவில் உட்கார்ந்து சமையல் குறிப்பு எழுதும் ஓர் அம்மையாருக்கு மிக நன்றாகத் தெரியும். அவர் குடியிருக்கும் தெருவில் மட்டும் 'பிளாட் புரோக்கர் வீடு' என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால், எந்தக் கஸ்பார், ஐஸ் கம்பெனி கஸ்பாரா என்று விசாரித்து வேறொருவர் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். உலகப் புகழ் பெற்றவர்களுக்கு உள்ளூரில் நேரும் கதிதான் இது என்று கஸ்பார் மனதைத் தேற்றிக்கொள்வார்.

தொழில் வீட்டுமனை. தாடிக்கொம்பு ரோட்டில் மானாவாரிக் காட்டைச் சமப்படுத்தி, மஞ்சள் கல் நட்டு, நாலு நிறத்தில் கொடி கட்டி, 'நகர்' என்று யாராவது பெயர் வைத்துவிட்டால், வாங்க வருகிறவர்களைப் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டுவது கஸ்பாரின் வேலை. மழை பெய்தால் கொடி சாயம் போகும். பெய்யாவிட்டால், வந்தவர் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டுவிட்டு மறுபடி பைக்கில் ஏறிக்கொள்வார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்தர்ப்பம் பார்த்து வியாபாரம் முடியவேண்டும். பெரும்பாலும் முடியாது.

அந்தச் சமயத்தில்தான், பிளாக் என்ற வலைப்பூக்கள் காடாய் மண்டிக்கிடந்த காலத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் பயிற்சி வகுப்பு நடந்தது. 'உங்கள் பெயரே உங்கள் பிராண்ட்' என்று வாசலில் பேனர். சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வியர்வையைத் துடைத்தபடியே அவர் சொன்னது இதுதான்: விளம்பரம் செய்யக் காசு வேண்டும், காசில்லாதவன் என்ன செய்வது? நெட்டில் ஆயிரக்கணக்கான பேர் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கருத்துச் சொல்ல ஒரு பெட்டி சும்மா காலியாய்க் கிடக்கிறது. அதில் போய் எழுதுங்கள். முதல் ஆளாக எழுதுங்கள். யாரோடும் சண்டை போடாதீர்கள். சொந்த அனுபவத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள், ஜனங்கள் அனுபவத்தைத்தான் நம்புவார்கள். கடைசியில் முழுப் பெயர், ஊர், தொழில். எழுதிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள், நேரம் வீண். அடுத்த வலைப்பூவுக்குப் போய்க்கொண்டே இருங்கள்.

மதியம் எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் கையைக் கழுவும்போதே எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள். கஸ்பார் ஒருவர்தான் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்.

சிக்கல் 'அனுபவம்' என்ற இடத்தில் வந்தது. நாற்பது வயதுக் கஸ்பாரின் அனுபவம், பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர், செபஸ்தியம்மாளோடு கல்யாணம், ரீனா என்று ஒரே பெண், வெயிலில் மனைக்கல் பக்கத்தில் நின்றது, இவ்வளவுதான். இதை எவ்வளவு இழுத்தாலும் பத்து கருத்துக்கு மேல் தேறாது.

இங்கேதான் ஊர் வழக்கம் கைகொடுத்தது. நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர், ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலோரம் வைத்ததும் செய்யவேண்டிய முதல் காரியம், அந்த நோயில் பாதியைத் தன் பேருக்கு வாங்கிக்கொள்வது. முட்டி வலியா, எனக்கும் இதே இடது முட்டிதான், ரெண்டு வருசமா உசுரை வாங்குது என்று சொல்ல வேண்டும். வலி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். படுத்துக்கிடப்பவன் முன்னால் ஆரோக்கியத்தைக் காட்டுவது திமிர். கண்ணும் பட்டுவிடும். கேத வீட்டிலும் அப்படித்தான். போய்ச் சேர்ந்தவர் எந்த நோயில் போனாரோ, அதே நோய் கேதம் கேட்க வந்தவரின் சித்தப்பாவுக்கும் இருந்தே தீரவேண்டும். கஸ்பாரின் அப்பா இந்தக் கலையில் பெயர் வாங்கியவர். ஒரே நாளில் மூன்று வார்டுக்குப் போய் மூன்று வியாதியோடு திரும்பி, இரவு நிம்மதியாகத் தூங்குவார்.

ஆகவே கஸ்பார் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் செய்ததை நெட்டில் செய்தார், அவ்வளவுதான். சர்க்கரை நோய் பற்றி ஒரு டாக்டர் எழுதியிருந்தால் அதன் கீழே: 'எனக்கும் இதே பிரச்சினை உண்டு. பயனுள்ள பதிவு. தொடருங்கள். திண்டுக்கல் கஸ்பார், வீட்டுமனை ஆலோசகர்.' மூலத்துக்கும் அதுவே. சொரியாசிஸுக்கும் அதுவே. தூக்கத்தில் நடக்கும் வியாதிக்கும் அதுவே, கூடவே ஒரு தடவை மொட்டைமாடி வரை போய்விட்டதாக ஒரு வரி. குடியை மறப்பது எப்படி என்று ஒருவர் எழுதியபோது, தானும் குடித்துச் சீரழிந்து மீண்டவன் என்று எழுதினார். நற்கருணைத் திராட்சை ரசத்தைத் தவிர வேறெதையும் நாக்கில் வைத்தறியாதவர். கடவுள் இல்லை என்று ஒரு பேராசிரியர் எழுதியபோது, தானும் கோயிலை விட்டுப் பத்து வருடம் ஆகிறது என்று எழுதிவிட்டு, நேரமாகிவிட்டதே என்று தெருக் கிறிஸ்தவர்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்ல ஓடினார். செபஸ்தியம்மாள் அடுப்படியில் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், விவாகரத்துச் சட்டம் பற்றிய பதிவு ஒன்றின் கீழ் அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு பிரிந்து போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

முதலில் பிரவுசிங் சென்டரில் எழுதினார். பிறகு செல்போனில் எழுதினார். 'பயனுள்ள பதிவு' முதல் 'ஆலோசகர்' வரை ஒரே தட்டில் வந்து விழுகிற மாதிரி போனிலேயே சேமித்து வைத்துக்கொண்டார். வருடங்கள் ஓடின. தலைவலி மாத்திரைக்கு மேல் எதையும் விழுங்காத, ஐம்பத்தைந்திலும் கல் தூணாக நிற்கும் கஸ்பார், நெட்டில் மட்டும் தனியாளாக ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியாக வளர்ந்து நின்றார். ஒரு மனைகூட அதனால் விற்கவில்லை. பிராண்ட் என்றால் உடனே காய்க்கிற மரமா என்று அவர் காத்திருந்தார்.

அது காய்த்ததற்கான முதல் அடையாளம் மதுரையில் கிடைத்தது. வலைப்பூ எழுதுகிறவர்கள் கூடிய ஒரு சந்திப்பில், மைக்கைப் பிடித்து நான்தான் திண்டுக்கல் கஸ்பார் என்றார். ஹாலில் ஒரு அசைவு ஏற்பட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் மெல்ல எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். டீ இடைவேளையில் ஓர் இளைஞன் தூரத்தில் நின்றபடி, இப்ப உடம்பு பரவாயில்லையா சார் என்று குரல் தழுதழுக்கக் கேட்டான். கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாதவன் தன் நலம் விசாரிக்கிறான் என்றால் இதைவிடப் பேர் வேறென்ன வேண்டும் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

இப்போது ரீனாவைச் சொல்லவேண்டும். இருபத்தொன்பது வயது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீசியன். ஊர் ரத்தத்தையெல்லாம் ஊசியில் இழுத்துப் பார்ப்பவள். நாலைந்து வரன் வந்து, காபி குடித்து, அப்புறம் சொல்கிறோம் என்று போய், சொல்லாமலே இருந்துவிட்டன. ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. பெண் நிறம் கொஞ்சம் மட்டு என்று செபஸ்தியம்மாள் நினைத்தாள். நகை குறைவு என்று கஸ்பார் நினைத்தார். ரீனா எதையும் நினைக்காததுபோல டூட்டிக்குப் போய் வந்தாள்.

கடைசியாக நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு இடம் வந்தது. கொண்டுவந்தவன் செபஸ்தியம்மாளின் தம்பி பிரான்சிஸ், பாத்திரக்கடைக்காரன். மாப்பிள்ளை ரொனால்டு, சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன். அப்பா இருதயநாதன், தென்னந்தோப்பும் கொஞ்சம் கரும்பும் வைத்திருக்கும் நிதானமான மனிதர். பெண் பார்க்க வந்தவர்கள் காபியோடு நிற்காமல் இலை போட்டுக் கை நனைத்தார்கள். கறிக்குழம்பை இருதயநாதன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ரொனால்டும் ரீனாவும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை வீட்டுக்குள் வந்ததும் போனை எங்கேயாவது போட்டுவிடும் ரீனா, இப்போது குளிக்கப் போகும்போதுகூட ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். துணி மடிக்கும்போது முணுமுணுவென்று பாடினாள். செபஸ்தியம்மாள் அதைக் கேட்காதவள்போல அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். யாரும் எழுந்து எதையும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ரீனாவுக்கான தடையைப் பெற்றவரே முன்கூட்டியே, முழுப் பெயர், ஊர், தொழிலோடு, உலகமே பார்க்கிற இடத்தில் எழுதி வைத்திருந்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரான்சிஸ் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றான்.

"மச்சான், ஒங்களுக்குக் குஷ்டம் இருந்துச்சா?"

கஸ்பார் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. இருந்து சரியாயிருச்சா, இன்னும் இருக்கா, அத மட்டும் சொல்லுங்க. நெய்க்காரப்பட்டியில கேக்குறாக."

நடந்தது இதுதான். முன்பெல்லாம் பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் டீக்கடையில் கேட்பார்கள், மணியடிக்கும் கோயில் பிள்ளையிடம் கேட்பார்கள். ரொனால்டின் அக்கா, போனை எடுத்து 'திண்டுக்கல் கஸ்பார்' என்று தட்டிப் பார்த்திருக்கிறாள். பதினைந்து வருட உழைப்பு ஒரே நொடியில் பலன் கொடுத்துவிட்டது. பக்கம் பக்கமாகக் கஸ்பார். அவள் முதலில் அம்மாவைக் கூப்பிட்டாள், அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள், மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது.

பிரான்சிஸ் போனைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தான். திவால், குடி, நாத்திகம். விவாகரத்து வந்தபோது செபஸ்தியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள்.

"நான் எப்பங்க ஒங்கள விட்டுட்டுப் போனேன்? போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பேனே."

ரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாவுக்கு இருக்கிறதுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தா எங்க லேப்புல குப்பி பத்தாது மாமா" என்றாள். கஸ்பாருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. சும்மா ஆறுதலுக்கு எழுதுவதுதானே, யார் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்று தொடங்கினார்.

பிரான்சிஸ் சிரிக்கவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, போனை ரீனா கையில் கொடுத்தான்.

டாக்டர் ஒருவர் எழுதிய பழைய பதிவு. பெண் பிள்ளைகளுக்கு வலிப்பு இருந்தால் கல்யாணத்தின்போது பெற்றோர் மறைக்கலாமா என்று தலைப்பு. கீழே முதல் ஆளாக: 'என் மகளுக்கும் சிறு வயதிலிருந்து இதே பிரச்சினை உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. நாங்கள் சொன்னோம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பயனுள்ள பதிவு. தொடருங்கள். திண்டுக்கல் கஸ்பார், வீட்டுமனை ஆலோசகர்.'

அதை எழுதியபோது ரீனா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு போனை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவளுடைய போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அது அன்று அடிக்கவில்லை.

கஸ்பார் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எழுதினதை அழிக்கப் பார்த்தார். முக்கால்வாசி வலைப்பூக்களை அவற்றின் சொந்தக்காரர்களே கைவிட்டுப் போயிருந்தார்கள். கூரையில்லாத வீடுகளில் சுவரில் எழுதினது மட்டும் நிற்கிற மாதிரி அவருடைய கருத்துகள் நின்றன. அழிக்க முடியாததால், ஒவ்வொன்றின் கீழும் மறுப்பு எழுத ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை முழுக்க எழுதினார். எனக்குக் குஷ்டம், குடிப்பழக்கம், கடன் தொல்லை, இரண்டாம் மனைவி ஆகிய எதுவும் கிடையாது என்று எழுதினார். சாயங்காலம் பிரான்சிஸ் போன் செய்தான். முன்பு தேடினால்தான் கிடைத்தது, இப்போது எல்லாம் தலைமாட்டிலேயே வந்து நிற்கிறது என்றான். போதாததற்கு அந்தத் தேடல் பக்கம் ஒவ்வொருவர் எழுதியதிலும் முதல் வரியை மட்டும்தான் காட்டுமாம். 'எனக்குக் குஷ்டம், குடிப்பழக்கம், கடன் தொல்லை, இரண்டாம் மனைவி' என்பதோடு நின்றுவிடுகிறதாம். 'கிடையாது' உள்ளே போய்ப் பார்த்தால்தான் இருக்கிறதாம்.

சனிக்கிழமை காலையில் இருதயநாதனே கூப்பிட்டார். பழக்கதோஷத்தில் சம்பந்தி என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "கஸ்பாருங்களா?" என்றார்.

கஸ்பார் எல்லாம் பொய் என்றார். ஆஸ்பத்திரி வழக்கத்தை விளக்கினார். இருதயநாதன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரிங்க. மத்ததெல்லாம் உங்க ஒடம்புங்க, உங்க பாடுங்க. எனக்கும் ஊர் வழக்கம் தெரியாதா என்ன. ஆனா இது பிள்ளையப் பத்தினதுங்க. பெத்த பிள்ளைக்கு நோவு இல்லைன்னு பொய் சொல்லுவாங்க, ஒலகத்துல உண்டுங்க. இருக்குதுன்னு பொய் சொல்றவர எங்கீங்க பார்க்கிறது?"

ரீனா எட்டி வந்து போனை வாங்கி, தனக்கு அப்படி எதுவும் இல்லை, டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்புகிறேன் என்றாள். காகிதம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது அம்மணி என்றார் அவர், மரியாதையாகத்தான். அப்பா எழுதின இடத்திலேயே, எழுதின பேரிலேயே, மகளுக்கு வலிப்பு இல்லை என்று போட்டுவிடட்டும், வீட்டில் பெண்கள் பார்த்துச் சமாதானம் ஆனால் நாளைக்கே ஓலை படிக்கச் சொல்லிவிடலாம். ரொனால்டு என்ன சொல்கிறான் என்று ரீனா கேட்டாள். அவன் தோட்டத்துக்குப் போயிருக்கிறான் என்றார். குழாய்க் கடைக்காரனுக்குச் சனிக்கிழமை காலையில் தோட்டத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, எல்லாம் ஒரு கருத்தில் வந்து நின்றது. ஒரே ஒரு கருத்து. அதுவும் கஸ்பாருக்குக் கைவந்த கலை.

மதியச் சாப்பாடு முடிந்து முன்னறையில் உட்கார்ந்தார். பிரான்சிஸ் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். அந்தப் பதிவைத் திறந்தால் எழுதுகிற பெட்டி கடைசியில் இருந்தது. இடையில் இருப்பதையெல்லாம் தாண்டித்தான் அங்கே போக முடியும். எழுதின இடத்துக்குத் திரும்பிப் போகாதே என்று டை கட்டியவர் சொன்னதன் அருமை அப்போதுதான் கஸ்பாருக்குத் தெரிந்தது.

அவர் கருத்துக்குக் கீழே, அதே வாரத்தில் ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். 'ஐயா, நான் இளவேனில் அம்மா. என் மகளுக்கும் உங்கள் மகளைப் போலத்தான். இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. நீங்கள் எப்போது சொன்னீர்கள்? பெண் பார்க்க வந்த அன்றேவா, பிறகா? தயவுசெய்து சொல்லுங்கள்.'

அடுத்தது கொஞ்ச நாள் கழித்து. 'ஐயா, நீங்கள் எழுதியபடி மறைக்காமல் சொல்லிவிட்டோம். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பரவாயில்லை. உங்கள் மகளுக்கு அமைந்ததுபோல இவளுக்கும் ஒருநாள் அமையும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.'

அதற்கும் கீழே, சில வருடங்கள் தள்ளி, ஒரு பொங்கல் சமயத்தில்: 'ஐயா, நலமா? உங்கள் மகளுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா? இளவேனில் கேட்கச் சொன்னாள்.'

அதோடு முடிந்தது. அதற்குக் கீழே காலிப் பெட்டி.

கஸ்பார் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். வெளியே மீன் வண்டிக்காரன் ஸ்பீக்கரில் கூவிக்கொண்டே போனான்.

"என்ன மச்சான், நெட்டு இல்லையா?" என்றான் பிரான்சிஸ்.

இருக்கு என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கருத்து அவருக்கு எழுத வரவில்லை. எழுதினார், அழித்தார். மேலே எழுதியது உண்மையல்ல என்று தொடங்கினார். இளவேனில் அம்மா என்னை மன்னிக்கவேண்டும் என்று அடுத்த வரி போட்டார். பிரான்சிஸ் எட்டிப் பார்த்து அதை எடுக்கச் சொன்னான். மன்னிப்புக் கேட்டால் என்னமோ இருக்கிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள் என்பது அவன் கட்சி.

"நாம அந்தம்மாவுக்கா எழுதுறோம்? நெய்க்காரப்பட்டிக்கு எழுதுறோம். நம்ம பிள்ளையப் பாருங்க மச்சான்."

கஸ்பார் பிள்ளையைப் பார்த்தார். ரீனா கதவோரம் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போது வந்தாள், எவ்வளவு வாசித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மன்னிப்பை எடுத்துவிட்டார். 'மேலே நான் எழுதியது உண்மையல்ல. என் மகளுக்கு வலிப்பு நோய் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை' என்று எழுதி, பெயரைப் போட ஒரு தட்டுத் தட்டினார். கை பழகின பழக்கம். அனுப்பிய பிறகுதான் கவனித்தார். 'ஒருபோதும் இருந்ததில்லை. பயனுள்ள பதிவு. தொடருங்கள். திண்டுக்கல் கஸ்பார், வீட்டுமனை ஆலோசகர்.'

ஞாயிறு பூசையில் மூன்று ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். ரீனா பெயர் அதில் இல்லை. கஸ்பாரும் செபஸ்தியம்மாளும் கடைசி ஓலை முடிகிற வரைக்கும் தலையைக் குனிந்தே நின்றார்கள். வெளியே வந்ததும் பிரான்சிஸ் சொன்னான். மறுப்பை நெய்க்காரப்பட்டியில் பார்த்துவிட்டார்கள். இருதயநாதனுக்குத் திருப்திதான். அவர் வீட்டு அம்மாளுக்குத்தான் இல்லை. இத்தனை வருடம் கழித்து, அதுவும் ஓலைக்கு முந்தின நாள், எதற்காக ஒரு மனுசன் அவசரமாக இல்லை என்று எழுதவேண்டும் என்று அந்த அம்மாள் கேட்கிறாளாம். நியாயமான கேள்விதான் என்று இருதயநாதனுக்கும் பட்டிருக்கிறது.

அன்று மதியம் ரீனா ரொனால்டைக் கூப்பிட்டாள். மொட்டைமாடியில் நின்று பேசினாள். செத்த நேரத்தில் இறங்கி வந்து, காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். அவன் என்ன சொன்னான் என்று செபஸ்தியம்மாள் கேட்டதற்கு, "அப்பா சொல்றதுதான்னு சொன்னாரு" என்றாள். எந்த அப்பா என்று யாரும் கேட்கவில்லை. போனை ஜன்னல் விளிம்பில் வைக்காமல் கட்டிலில் போட்டுவிட்டு, மறுநாள் டூட்டிக்குச் சீருடையைத் தேய்த்தாள். அந்த வீட்டில் அப்புறம் பாட்டுச் சத்தம் இல்லை.

நெய்க்காரப்பட்டி இடம் வேறெங்கோ முடிந்துவிட்டதாக அந்த மாதக் கடைசியில் தகவல் வந்தது. கஸ்பார் கருத்து எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கனடா அம்மையாரின் மீன்குழம்புக்குக் கீழே வேறு யாரோ முதல் ஆளாக வந்து, பயனுள்ள பதிவு என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மனை காட்டப் போய் ஒருவரும் வராமல் மஞ்சள் கல்மீது உட்கார்ந்திருந்தபோது போன் கிணுங்கியது. ஒரு பழைய பதிவில் அவருக்குப் பதில் வந்திருப்பதாக அறிவிப்பு. திறந்து பார்த்தார்.

'படித்தேன் ஐயா. உங்கள் மகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதில் சந்தோஷம். எந்தப் பிள்ளைக்கும் அது வரக்கூடாது. அவள் நன்றாக இருக்கட்டும். இளவேனில் அம்மா.'

தலைக்கு மேல் சாயம் போன கொடிகள் படபடத்தன. பைக்கை எடுத்து வீட்டுக்கு வந்தவர், டூட்டி முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த ரீனாவிடம் போனை நீட்டினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வாசித்தாள். பக்கத்தை மேலே தள்ளி, முதலிலிருந்து எல்லாவற்றையும் வாசித்தாள்.

"பதில் போடலையாப்பா?"

கஸ்பார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எனக்கும் என்று ஆரம்பிக்கிற வாய் அது. மூடிக்கொண்டார்.

ரீனா படியில் உட்கார்ந்து தானே தட்டினாள். அப்பாவின் பெயர் வந்து விழாதபடி பார்த்து, மெதுவாகத் தட்டினாள். 'அம்மா, நான் ரீனா. கஸ்பார் மகள். எனக்கு வலிப்பு இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. இளவேனில் இப்போது எப்படி இருக்கிறாள்?' அனுப்பிவிட்டு எழுந்து போய் விளக்குப் போட்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. எழுதின இடத்துக்குத் திரும்பிப் போகாத கஸ்பார், தினமும் காலையில் பல்லைத் தேய்க்கும் முன்னால் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து, கடைசி வரை இறங்கிப் பார்த்துவிட்டு மூடுகிறார். ரீனா டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் ஒருமுறை நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள்.